கடைசியா என்ன படம் பாத்த?

“பையன் வந்து நின்னு, ‘நல்ல புக் ஏதாவது இருக்கா மிஸ்’னு கேப்பான். உடனே எழுந்து அலமாரிக்கு ஓடக் கூடாது. உட்காந்த எடத்துலயே, ‘கடைசியா என்ன படம் பாத்த’னு கேக்கணும். சொல்லுவான். அதுல என்ன புடிச்சுதுன்னு அடுத்தது கேக்கணும். சண்டைம்பான், பேயிம்பான், அந்த நாய்க்குட்டிம்பான். அதுக்கப்புறம்தான் அலமாரி.”

புதுச்சேரி பாரதி பூங்காவில், ஆயி மண்டபத்தைப் பார்த்த மாதிரி கிடந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சொன்னவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் கிளை நூலகங்களில் வேலை பார்த்துவரும் பெண்மணி. மற்ற மூவரும் அவரை அக்கா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். மூவரில் ஒருவர் கடலோரக் குப்பத்தை ஒட்டிய கிளையின் நூலகர். இன்னொருவர் வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகாத இளைஞர். மூன்றாமவர் ஓய்வு பெற்றவர், நடமாடும் நூலக வண்டியில் ஊர் ஊராகப் போனவர். விடுமுறை நாளில் இப்படிக் கூடி, பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள் என்று நண்பர் சொல்லித்தான் போனேன். பெயரையும் கிளையையும் எழுதக் கூடாது என்பது மட்டும் அவர்கள் போட்ட நிபந்தனை.

நூலக அறிவியல் படித்தவர்களுக்குத் தமிழ் இலக்கியத்தின் டூயி எண் 894.811 என்று தூக்கத்திலும் தெரியும். நாற்காலிக்கு அடியில் புகுந்துகொண்டு வர மறுக்கும் நாலு வயதுக் குழந்தைக்கு எண் கிடையாது. அந்தப் பாடம் இந்தப் பெஞ்சில்தான் நடக்கிறது.

பூங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில், ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிறது ரோமன் ரோலண்ட் நூலகம். 1827இல் ஆளுநர் தெபாசேன் தெ ரிஷ்மோன் தொடங்கிய பொது நூலகம் அது. ஆரம்பத்தில் ஐரோப்பியருக்கு மட்டும்தான் கதவு திறந்தது, நம்மவர்கள் நுழைந்தது பிறகு. பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலானின் நூற்றாண்டான 1966இல் அவர் பெயரைச் சூட்டினார்கள். காந்தியையும் ராமகிருஷ்ணரையும் விவேகானந்தரையும் பிரெஞ்சு வாசகர்களிடம் கொண்டுபோனவர் என்பதால் பெயர் பொருத்தமானதுதான். இன்று அங்கே சிறுவர் பகுதி உண்டு. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘பொது’ என்ற சொல்லுக்குள் குழந்தைகள் பெரும்பாலும் அடங்கவில்லை. பிரெஞ்சுக்காரர்களின் தலைநகரத்திலேயே குழந்தைகளுக்கென்று தனி நூலகம் வந்தது 1924இல்தான், அதுவும் அமெரிக்கக் குழு ஒன்றின் நன்கொடையில். பாரிஸின் பூத்ப்ரி தெருவில் திறந்த ‘லேர் ழுவாயூஸ்’ அது. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். அலமாரி கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. புத்தகங்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாகப் பிள்ளைகளே ஒரு பெரிய பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள்.

இதை நான் சொன்னதும் குப்பத்து நூலகர் சிரித்துவிட்டார். “எங்க ஊர்ல பதிவேட்டுல கையெழுத்துப் போடறது நாங்க சார். ஒவ்வொரு புக்குக்கும்.”

அவருடைய கவலை பூட்டு. பல ஊர்ப்புறக் கிளைகளில் படப் புத்தகங்கள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சோம்பலோ கஞ்சத்தனமோ அதற்குக் காரணம் இல்லை, இருப்புச் சரிபார்ப்பு பற்றிய பயம்தான். குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பேச்சு தலைமுறை தலைமுறையாக வருகிறது. அக்கா இதற்கு ஒரு மருந்து வைத்திருந்தார். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017. இரவல் போன, எடுத்துப் படிக்கப்பட்ட புத்தகங்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஐந்து தொலைவது இயல்பான இழப்பு என்று அதில் இருக்கிறது, நேர்மையின்மையோ அலட்சியமோ இல்லாத வரை. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ளதும் அரிய நூலும் காணாமல் போனால்தான் கட்டாய விசாரணை. “நம்ம கிட்ட இருக்கற படப் புக்கு அறுபது ரூபா, எழுபது ரூபா. எதுக்குப் பூட்டு?” அந்த விதியை நகல் எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாராம். வாசகர்கள் பார்க்க இல்லை, தணிக்கைக்கு வருகிறவர்கள் பார்க்க.

விதி தொலைவதைப் பற்றித்தான் பேசுகிறது. கிழிவதற்கு என்ன செய்வது? குழந்தைப் புத்தகம் கிழியாமல் இருந்தால் அதை யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம் என்றார் வண்டிக்காரர். (ஓட்டுநர் இல்லை அவர், ஆனால் மற்றவர்கள் அன்போடு அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.) மூன்று முறை ஒட்டியும் தாங்காததைக் கண்டம் பண்ணிவிட்டு, அதே புத்தகத்தை மறுபடி வாங்கச் சொல்லி எழுத வேண்டும். புதுத் தலைப்பு வேண்டாம், அதே தலைப்பு. ஓடுகிற புத்தகம் எது என்று கிழிசல்தான் காட்டுகிறது.

கதை நேரம் பற்றிய பேச்சுதான் அன்றைக்கு எனக்கு மிகவும் பிடித்தது. இளைஞருக்குக் கூச்சம். “எனக்குக் கொரல ஏத்தி எறக்கிச் சொல்ல வராதுக்கா.”

“யாரு சொல்லச் சொன்னா? புக்கப் பாத்துப் படி. புக்க ஒன் நெஞ்சுக்கு நேரா வெக்காத, தோளுக்குப் பக்கத்துல வெச்சு, படம் அவங்களப் பாக்கற மாதிரி புடி. பக்கத்த மெதுவாத் திருப்பு. கடைசிப் பக்கம் முடிஞ்சா மூடு. வாய மூடு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கதை முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்’ என்று கேட்கிற நூலகரிடம் அடுத்த வாரம் பாதிப் பிள்ளைகள் வர மாட்டார்கள் என்றார். புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போக வேண்டும். யார் ஓடிவந்து அதை எடுக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் குழந்தைக்கு அட்டை போட்டுக் கொடுத்தால் போதும், அம்மாவும் பாட்டியும் பின்னாலேயே வருவார்கள்.

கி.ராஜநாராயணன் வாழ்க்கையின் கடைசி முப்பது ஆண்டுகளைக் கழித்தது இந்த ஊரில்தான். பாப்பாவுக்குப் பாட்டு எழுதியபோது பாரதி வசித்ததும் இங்கேதான். கதைக்கும் பாட்டுக்கும் குறைவில்லாத ஊர். இருந்தும் குழந்தைக்கு வாசித்துக் காட்டுவது ‘டீச்சர் வேலை’ என்று நூலகரிலேயே பலர் நினைக்கிறார்கள் என்பது அக்காவின் வருத்தம்.

அடுத்து வந்தது ஒரு தகராறு. தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அழகான ஏற்பாடு. அதையே இங்கேயும் செய்யலாமே என்றார் இளைஞர். குப்பத்து நூலகர் ஒத்துக்கொள்ளவில்லை. அவரிடம் வருகிற எட்டாம் வகுப்புப் பையன்களில் சிலர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். வலையும் கடலும் தெரிந்த பையன், தம்பி முன்னால் ‘நுழை’ அட்டையைக் கையில் எடுப்பானா? படி வேண்டும், ஆனால் அது நூலகரின் மனதில் இருக்கட்டும், அட்டையில் வேண்டாம் என்பது அவர் கட்சி. எனக்கும் அதுவே சரி என்று பட்டது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறார், வகுப்பே சேர்ந்து படிக்கிறது. நூலகத்தில் பிள்ளை தனியாக, எல்லோரும் பார்க்க, அலமாரி முன்னால் நிற்கிறது. குட்டிப் புத்தகங்களை ‘தம்பி தங்கைக்குப் படித்துக் காட்ட’ என்று எழுதி ஒரு கூடையில் போட்டு வைத்திருக்கிறாராம் அவர். பெரிய பையன்கள் கூசாமல் எடுத்துப்போகிறார்கள்.

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்குப் போய்விட்டன. 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடக்கிறது, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டில் பாட்டியிடம் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் தமிழும் ஆங்கிலமும் என்று ஒரு பையன். அவனுக்கு எதைக் கொடுப்பது? அக்காவின் விடை சிவகாசியிலிருந்து வருகிறது. லயன், முத்து காமிக்ஸ்காரர்கள் தமிழில் போடுகிற லக்கி லூக், ‘இரத்தப் படலம்’ எல்லாம் மூலத்தில் பிரெஞ்சு. பிரெஞ்சில் லக்கி லூக்கைப் படித்துவிட்ட பையனிடம் அதைத் தமிழில் கொடுத்தால், படமும் கதையும் ஏற்கெனவே தெரியும் என்பதால் எழுத்துக்குப் பயப்படாமல் போகிறான். பிரெஞ்சிலிருந்து நேரே தமிழுக்கு வந்த ‘குட்டி இளவரச’னும் அந்த வரிசையில் உண்டு. வெ.ஸ்ரீராமுடன் சேர்ந்து அதை மொழிபெயர்த்த ச.மதனகல்யாணி இந்த ஊர்க்காரர்.

காமிக்ஸ் நூலகத்துக்கு ஆகுமா என்ற பழைய கேள்வியை யாரும் எழுப்பவில்லை. 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்கள் இன்று தாத்தாக்கள். வண்டிக்காரர் தமது வண்டியின் கீழ்ப்படியில் காமிக்ஸையும் மேலே போகப் போக மற்றதையும் அடுக்கியிருந்தாராம். படிக்கட்டு ஏறினால்தான் நாவல். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் முன்னின்று, மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளையின் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது 1931இல். தன்னை அந்த வண்டியின் வாரிசாகவே அவர் நினைத்துக்கொள்கிறார். நினைத்துக்கொள்ளட்டும், அதில் நியாயம் இருக்கிறது.

பதின்மூன்று வயது வந்ததும் பேச்சின் தொனி மாறியது.

நம் நூலகங்களில் இரண்டு கூட்டம் கண்ணுக்குத் தெரியும். கீழே பாயில் குழந்தைகள். மேசைகளில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், காலையிலேயே பையை வைத்து இடம் பிடித்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வீட்டில் விளக்கும் அமைதியும் இல்லாதவர்களுக்கு நூலகம்தான் படிப்பறை. ஆனால் நடுவில் ஒரு வயது காணாமல் போகிறது. பன்னிரண்டு முதல் பதினெட்டு வரையிலானவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும் என்று உலக நூலகச் சங்கக் கூட்டமைப்பின் வழிகாட்டி சொல்கிறது. அந்த வயதுக்காரன் நம் நூலகத்தில் பாயில் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும், மேசையில் உட்கார்ந்தால் பேசாதே என்பார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் மார்கரெட் எட்வர்ட்ஸ் என்ற நூலகர், குதிரை வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு இந்த வயதுக்காரர்களைத் தெருவில் போய்த் தேடினார். தம் உதவியாளர்களை இளையோர் நூல்களில் நூற்றுக்கணக்கானவற்றைப் படிக்கவைத்த பிறகே வாசகர்களிடம் பேச விட்டார். நூலகர் படிக்காமல் பிள்ளைக்குப் பரிந்துரை செய்ய முடியாது என்ற அந்தப் பிடிவாதம் இங்கே தேவைப்படுகிறது என்று நினைத்தேன். அக்கா வாரம் ஒரு சிறுவர் நூலாவது படித்துவிடுகிறார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“அவங்களுக்குத் தனி ரூம் கேட்டா கெடைக்காது,” என்றார் குப்பத்து நூலகர். “ஒரு மூலை போதும். முதுகு செவுத்துல சாயணும், நம்ம மேசையிலருந்து பாத்தா தெரியணும், ஆனா நாம பாக்கறது அவங்களுக்குத் தெரியக் கூடாது.” நாற்காலி வாங்க ஆணை வேண்டும். எடைக்குப் போட வைத்திருந்த பழைய பெஞ்சைத் திருப்பிப் போட ஆணை வேண்டாம். அப்படித்தான் செய்தாராம்.

பெண் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். டியூஷன் என்பார்கள், இருட்டிவிடுகிறது என்பார்கள். வருகிற சிலருக்காக அக்கா செய்வது ஒன்று. யெஸ்.பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலை (2020க்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது, பாலியல் சீண்டலுக்கு ஆளாகும் சிறுமியைப் பற்றியது) ‘விழிப்புணர்வு’ என்ற அலமாரியில் வைப்பதில்லை. அங்கே போய் எடுக்கிற பிள்ளையை எல்லோரும் பார்ப்பார்கள். கதைகளோடு கதையாக வைக்கிறார். பதியும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பெண் ஏதாவது சொல்ல நின்றால், சீல் வைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்.

“அம்மா வந்து, எம் பொண்ணு என்ன எடுத்துட்டுப் போனான்னு கேட்டா?” என்றார் இளைஞர்.

இங்கே நால்வருக்கும் ஒத்துப்போகவில்லை. அட்டைக்குக் கையெழுத்துப் போட்டது பெற்றோர், சொல்லத்தான் வேண்டும் என்றார் வண்டிக்காரர். சொன்னால் அந்தப் பெண் இனி எடுக்க மாட்டாள் என்றார் குப்பத்து நூலகர். அக்கா, ‘அவளையே கேளும்மா, நல்லாக் கதை சொல்லுவா’ என்று அனுப்பிவிடுவாராம். அது தப்பித்தல் என்று வண்டிக்காரர் விடாமல் சொன்னார். தப்பித்தல்தான் என்று அக்காவும் ஒத்துக்கொண்டார். பத்து வயதுப் பிள்ளைக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கும் ஒரே விடை இருக்க முடியாது என்று நான் சொன்னேன். அது யாருக்கும் உதவவில்லை. கோடு எந்த வயதில் என்று உடனே கேட்டார்கள்.

இளைஞர் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அடுத்த கொள்முதலுக்கு அவர் கிளையிலிருந்து போக வேண்டிய பட்டியல். இரா.நடராசன், உதயசங்கர், யூமா வாசுகி என்று பெயர்கள் வரிசையாக இருந்தன. கடைசியில் ஒரு வரி காலியாக விட்டிருந்தது. அது பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்காம். அக்கா சொன்னபடி என்ன படம் பார்த்தாய் என்று கேட்டிருக்கிறார், பேய்ப் படமாகவே பட்டியல் போட்டிருக்கிறான் அவன். கி.ரா. தொகுத்த நாட்டுப்புறக் கதைகளில் பேய்கள் உண்டே என்றேன். பேய் இருக்கிற பக்கத்துக்குப் பக்கத்திலேயே வேறு சங்கதிகளும் இருக்கின்றன, பெற்றோர் சும்மா விட மாட்டார்கள் என்றார் வண்டிக்காரர்.

அக்கா என் பக்கம் திரும்பினார்.

“நீங்க எழுதறவங்கதானே சார்? பதினஞ்சு வயசுப் பையன் படிக்கற மாதிரி, தமிழ்ல. பேய் வரணும். நெஜமாப் பயமா இருக்கணும். கடைசியில அது மனப்பிராந்தின்னு வாத்தியார் வந்து வெளக்கக் கூடாது. எரநூறு ரூபாய்க்குள்ள இருக்கணும். யாராவது எழுதியிருந்தா சொல்லுங்க, திங்கக்கெழம பட்டியல் அனுப்பணும்.”