வாபஸ்

எண்பதுகளின் தொடக்கத்தில், மேற்கு ஸஹாராவின் ஸஹ்ராவி மக்களுக்குச் சுயநிர்ணய உரிமை கோரும் ஓர் அறிக்கையில் நண்பர்கள் ஆறேழு பேர் கையெழுத்திட்டோம். 1985-ல் இந்தியா அவர்களுடைய குடியரசை அங்கீகரித்ததும், காரியம் முடிந்துவிட்ட மாதிரி சந்தோஷப்பட்டோம். 2000-ல் இந்தியா அந்த அங்கீகாரத்தை வாபஸ் வாங்கிக்கொண்டது. இதை நான் படித்தது பல வருஷங்கள் கழித்து. இடையில் ஒருநாள்கூட விசாரிக்கவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

1975-ல் ஸ்பெயின் விலகத் தொடங்க, மொராக்கோ உள்ளே புகுந்தது. வாக்கெடுப்பு நடத்தவென்று 1991-ல் ஐ.நா. குழு போனது, வாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை. அல்ஜீரியாவின் டிண்டூஃப் அருகே அகதிகள் தம் முகாம்களை ஸ்மாரா, தாக்லா என்று, விட்டுவந்த ஊர்களின் பெயரிலேயே அழைக்கிறார்கள். தோழமை என்று நாங்கள் சொன்னது ஒருநாளையக் கையெழுத்து. அந்த அறிக்கையின் நகல்கூட என்னிடம் இல்லை.