மூன்று கோடு, ஆறு கோடு

அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் அறுகோணத் தலை போல்ட் ஒன்றைக் கையில் எடுத்து அதன் தலையைப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மூன்று கோடுகள் இருந்தால் அது ஐந்தாம் கிரேடு. ஆறு கோடுகள் இருந்தால் எட்டாம் கிரேடு. கோடே இல்லாவிட்டால் பெரும்பாலும் இரண்டாம் கிரேடு. கோயம்புத்தூரில் என் அப்பாவின் லேத் பட்டறையில் இந்தக் கோடுகளை நான் பார்த்ததில்லை. அங்கே தலையில் 4.6, 8.8, 10.9 என்று எண்களே பொறித்திருக்கும்.

அந்த எண்களை அப்பா வேலைக்கு வரும் பையன்களுக்கு ஒரே வரியில் சொல்லிக் கொடுப்பார்: "புள்ளிக்கு முன்னாடி இருக்கறது உசுரு போற இடம், பின்னாடி இருக்கறது முதுகு வளையற இடம்." பின்னாளில் கல்லூரியில் படித்தபோதும் இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. 8.8 என்றால் முதல் எட்டு, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் விசையில் அது அறும் என்கிறது. ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 80 கிலோ எடை தொங்குவதாக வைத்துக்கொள்ளலாம். புள்ளிக்குப் பின்னால் உள்ள எட்டு, அதில் 80 சதவீதம் வரை, அதாவது 640 வரை இழுத்தாலும் விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும் என்கிறது. அதற்கு மேல் இழுத்தால் நீண்டது நீண்டதுதான்.

4.6 போல்ட் 240இல் நீள ஆரம்பித்து 400இல் அறும். 10.9 போல்ட் 900இல் நீள ஆரம்பித்து 1000இல் அறும். அதிக வலு உள்ளதில், வளைவதற்கும் அறுவதற்கும் நடுவே உள்ள இடைவெளி குறைவு. அமெரிக்கக் கிரேடுகளிலும் இதே கதைதான்.

சென்ற ஆண்டு எனக்கு இது ஏட்டறிவாக இல்லாமல் போனது. அப்பா காலமான பிறகு கோவை வீட்டை விற்றோம். அம்மா எங்களோடு இருக்க கலிஃபோர்னியாவின் டப்ளின் நகருக்கு வந்தார். வயது எழுபத்தாறு. அந்த வீட்டிலிருந்து அவர் கேட்ட ஒரே பொருள் ஊஞ்சல் பலகை. தேக்கு. கப்பலில் வந்து சேர மூன்று மாதம் ஆனது. கூரை போட்ட பின்கட்டில் மாட்டலாம் என்று முடிவு செய்தோம். உத்திரம் தாங்குமா என்று ஓர் இன்ஜினியர் வந்து பார்த்துச் சரி என்றார். நான்கு சங்கிலி, நான்கு இரும்புக் கொக்கித் தகடு, ஒவ்வொன்றுக்கும் உத்திரத்தைக் குறுக்கே துளைத்துப் போகும் இரண்டு போல்ட். ஆக மொத்தம் எட்டு, எல்லாம் அரை அங்குலம். அப்பா பாஷையில் "நாலு நூல் போல்ட்டு". எட்டு நூல் ஓர் அங்குலம் என்ற பட்டறைக் கணக்கு அங்குலத்தை விடாத இந்த நாட்டில் அப்படியே பொருந்துகிறது.

அந்த வயதில் ஒரு முறை விழுந்தால் இடுப்பு எலும்பு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். மடியில் பேத்தியும் இருப்பாள். அதனால் கணக்குப் போட்டேன். பலகையும் ஆட்களும் சேர்ந்து 250 கிலோ. வேகமாக ஆடும்போது கீழே வரும் நொடியில் சுமை ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். இரண்டு மடங்கு என்றே வைத்தால் 500 கிலோ. அத்தனையும் ஒரே போல்ட்டில் விழுகிறது என்றுகூட வைத்துக்கொள்வோம். இரண்டாம் கிரேடு அரை அங்குல போல்ட், நேர் இழுவையில் சுமார் 3,500 கிலோவுக்கு அசையாது. ஐந்தாம் கிரேடு சுமார் 5,400. எட்டாம் கிரேடு சுமார் 7,700. எங்கள் போல்ட்டில் சுமை குறுக்கே வெட்டும் திசையில் வருகிறது. அந்தத் திசையில் அறும் வலுவில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தாலும் மூன்றுமே பல மடங்கு போதும்.

"இதுல எது கெட்டி?" என்று அம்மா கேட்டார்.

"ஆறு கோடு போட்டதும்மா."

"அப்ப அதையே போட்டுட வேண்டியதுதானே சாமி?"

என் தொழிலில் தினமும் கேட்கும் கேள்வி இது. சர்வர் எவ்வளவு பெரிது வேண்டும் என்றால், இருப்பதிலேயே பெரியது என்பார்கள். பயத்துக்குச் சுலபமான மருந்து அதுதான். ஆனால் போல்ட் விஷயத்தில் அந்த மருந்துக்கு ஒரு பக்கவிளைவு உண்டு.

கடையில் எட்டாம் கிரேடு போல்ட்டுகள் பெரும்பாலும் மஞ்சள் பளபளப்பில் இருக்கும். ஐந்தாம் கிரேடு வெள்ளி நிறம். மஞ்சள் என்றால் வலு என்று பலர் நம்புகிறார்கள். நிறத்துக்கும் வலுவுக்கும் சம்பந்தமில்லை. இரண்டிலும் மேலே இருப்பது துத்தநாகம். அதன்மேல் போடும் குரோமேட் பூச்சுதான் மஞ்சள் நிறத்தைத் தருகிறது. துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு உள்ளே இருக்கும் எஃகைக் காப்பாற்றும். மின்பூச்சாகப் போடுவது மிக மெல்லிசு, சில மைக்ரான்தான். கூரைக்கு அடியில் ஈரமில்லாத இடத்துக்குப் போதும். மழையில் நிற்பதற்கோ, செம்பு கலந்த மருந்தேற்றிய மரத்துக்கோ அது ஆகாது. அங்கே உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த போல்ட்டோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான் வேண்டும்.

பூச்சுக்கு முன் எஃகை அமிலத்தில் கழுவுவார்கள். அப்போதும், மின்பூச்சின்போதும் ஹைட்ரஜன் உண்டாகிறது. மிகக் கடினமான எஃகுக்குள் அது நுழைந்துவிட்டால், முறுக்கி இறுக்கியபின் சில மணி நேரமோ சில நாளோ கழித்து போல்ட் முன்னறிவிப்பில்லாமல் பட்டென்று அறும். நீளாது, வளையாது. சுமார் 200 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்து அந்த வாயுவை வெளியேற்றுவது வழக்கம். 12.9 வகைக்கு இந்த ஆபத்து அதிகம். எட்டாம் கிரேடு அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஐந்தாம் கிரேடு வெகு கீழே.

நான் வேலைக்குப் போகும் வழியில் இருக்கும் பே பிரிட்ஜே இதற்குச் சாட்சி. புதிய கிழக்குப் பகுதியைத் திறப்பதற்குச் சில மாதம் முன்பு, 2013 மார்ச்சில், ஒரு தூணில் 96 நங்கூரக் கம்பிகளை இழுத்து இறுக்கினார்கள். மூன்று அங்குல விட்டம், துத்தநாகம் பூசிய உயர்வலு எஃகு. சில நாட்களுக்குள் 32 அறுந்தன. காரணம் ஹைட்ரஜன். பிறகு அந்த இடத்தில் எஃகுச் சேணம் ஒன்றை அமைத்து வேறு வழியில் கட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கம்பிகளுக்கு வலு போதாமல் இல்லை.

அப்படியென்றால் விலை குறைந்த இரண்டாம் கிரேடே போதுமே என்று நீங்கள் கேட்கலாம். சுமைக்குப் போதும்தான். ஆனால் அதன் தலையில் கிரேடைச் சொல்லும் கோடு கிடையாது. நல்ல இரண்டாம் கிரேடும் ஏதோ ஓர் இரும்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மூன்று கோடும் பக்கத்தில் தயாரிப்பாளர் முத்திரையும் இருந்தால், இதை இன்னார் செய்தார், இவ்வளவு தாங்கும் என்று வாக்குக் கொடுத்தார் என்று பொருள். அந்த வாக்கும் சும்மா வந்ததல்ல. 1980களில் போலி முத்திரையோடு தரங்குறைந்த போல்ட்டுகள் அமெரிக்கச் சந்தையில் பெருகின. நாடாளுமன்ற விசாரணைக்குப் பிறகு 1990இல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. சில காசு கூடக் கொடுத்து நான் வாங்கியது வலுவை அல்ல, அந்தக் கையெழுத்தை.

ஐந்தாம் கிரேடையே வாங்கினேன். மரை ஏறாத தண்டுப் பகுதி, தகடும் மரமும் சந்திக்கும் இடத்தில் வருமாறு நீளத்தைப் பார்த்து எடுத்தேன்; அங்கே மரை வந்தால் போல்ட் மெலிந்த இடத்திலேயே சுமை வெட்டும். மரம் நசுங்காதிருக்க அகலமான வாஷர். ஆட்டத்தில் கழலாதிருக்க உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு. ஊஞ்சல் விழுந்தால் போல்ட் அறுந்து விழுவது அபூர்வம். நட்டு கழன்றோ மரம் பிளந்தோதான் விழும்.

அம்மாவிடம் ஏன் ஆறு கோடு வேண்டாம் என்று சுருக்கமாகச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "நம்ம பழைய சங்கிலி தேஞ்சப்போ ஒரு வாரம் கிறீச்சுன்னு கத்துச்சு. அப்புறந்தான் உங்கப்பா மாத்துனாரு," என்றார்.

மாட்டி முடித்ததும் மகளின் சிவப்பு நகப்பூச்சை வாங்கி, ஒவ்வொரு நட்டிலிருந்தும் வாஷர் வரை ஒரு கோடு இழுத்தேன். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். அவர் தினமும் காப்பி டம்ளரோடு உட்காருவதற்கு முன் அண்ணாந்து எட்டையும் எண்ணுகிறார்.