ஆகாய வழியா, ஆத்தூர் வழியா?

"அம்மா, பாண்டிச்சேரியிலேர்ந்து சேலத்துக்கு பிளேன்லயே போயிடலாமாம். உங்க மாப்பிள்ளை சொல்றார்!" என்றாள் மகள்.

2025 தை மாதம். பிரசவத்துக்காகத் திண்டிவனத்துக்கு எங்களிடம் வந்திருந்தவள். சிசேரியன். பேரனுக்கு மூன்று மாதம் முடிந்து, சேலத்தில் கொண்டுபோய் விட வேண்டிய நேரம். 'அவ்வளவு தூரம் கார் உலுக்கினால் பச்சை உடம்பு தாங்குமா?' என்று எனக்குள்ளேயே பயம்தான்.

மாப்பிள்ளை சும்மா சொல்லவில்லை. புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் 2024 டிசம்பரில்தான் மறுபடி விமானம் விட்டிருந்தார்கள். சேலத்துக்கும் 2023 அக்டோபர் முதல் பெங்களூர் விமானம் வந்துகொண்டிருந்தது. பால் கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

லாஸ்பேட்டையிலிருந்து சேலம் விமான நிலையம் வானத்தில் நேர்கோடாகச் சுமார் 190 கி.மீ. நேராகப் பறந்தால் அரை மணிக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். ஆனால் நேர் விமானம் கிடையாதே! பெங்களூர் போக 266, அங்கிருந்து சேலம் 160, ஆக 430 கி.மீ. பக்கம். மூக்கைச் சுற்றித் தொடுகிற கதைதான். லாஸ்பேட்டை போக ஒரு மணி, முன்கூட்டியே போய்க் காத்திருப்பது, பெங்களூரில் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பது, காமலாபுரத்தில் இறங்கி ஊருக்குள் போவது... கூட்டினால் எட்டு மணி நேரத்துக்குக் குறையவில்லை. பறப்பது என்னவோ இரண்டு மணிதான்! விமானம் இறங்கும்போது காது அடைத்துக் குழந்தை வீறிடும். பால் கொடுத்தால் விழுங்க விழுங்கச் சரியாகும். ஏறி இறங்குவது இரண்டு தடவை என்றால்?

சாலை வழியோ 210 கி.மீ.

காரிலேயே கிளம்பினோம். குழந்தையை மடியில் வைப்பதுதான் பத்திரம் என்று நினைத்திருந்தவள் நான். இல்லையாம், பின்பக்கம் பார்த்தபடி மாட்டும் தனி இருக்கையை மாப்பிள்ளை வாங்கி அனுப்பியிருந்தார். மகளுக்கு சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் அழுந்தாமல், இடுப்பெலும்பின் மேல் படிகிற மாதிரி போட்டுவிட்டேன்.

38 கி.மீ.யில் விழுப்புரம். ஐந்து திசைக்கு ரயில் பிரிகிற ஜங்ஷன். ஆகாயத்தில் மட்டும் நம்மை யாரும் சேர்க்கவில்லை. உளுந்தூர்பேட்டையில் வண்டியை நிறுத்திப் பால் கொடுத்தாள், மெள்ள நாலு எட்டு நடந்தாள். "இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒண்ணு இந்த ஊர்ல கெடக்கு, தெரியுமா?" என்றார் இவர். "இருந்து என்ன பண்ண? குழந்தைக்கு வெந்நீர் பிளாஸ்க் எங்கே, அதைத் தேடுங்க" என்றேன்.

கள்ளக்குறிச்சி, ஆத்தூர், இரு பக்கமும் மரவள்ளிக் காடு. ஒன்றரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தியும் ஐந்தரை மணி நேரத்தில் சேலம்.

ஆரத்தித் தட்டோடு நின்ற சம்பந்தியம்மா கேட்டார்: "ஏரோடிரோமுக்கு வண்டி அனுப்பலாம்னு இருந்தேனே, அதுக்குள்ள எப்படி வந்தீங்க?"