ஒரே ரத்தம், நாலு சம்பளம்!

எங்கள் தென்னூர் உழவர் சந்தையில் ஒரு சௌகரியம் உண்டு. அன்றைய விலையைக் காலையிலேயே பலகையில் எழுதிவிடுவார்கள். முதல் கடைக் கத்தரிக்காய்க்கும் கடைசிக் கடைக் கத்தரிக்காய்க்கும் ஒரே ரேட்டு. பி.காம். படித்த எனக்கு இதில் தனி சந்தோஷம். கணக்கு நேராக இருக்கிறதல்லவா?

கத்தரிக்காய்க்குக் கிடைத்த இந்த நியாயம், அரசு ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிற மனிதர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு லேப் டெக்னீஷியன் இருக்கிறார். ஒருநாள் டீக்கடையில் விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

"எங்க லேப்ல நாலு ரகம் சார்! ஒருத்தர் பே ஸ்கேல்ல இருக்கிற நிரந்தரம். ரெண்டாவது ஆள், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமா வந்த தொகுப்பூதியம். மூணாவது, காசநோய்த் திட்டத்துல ஒப்பந்தம். நாலாவது, எச்.ஐ.வி. டெஸ்ட் பண்ற நம்பிக்கை மையத்துல ஒப்பந்தம்."

"நீங்க எந்த ரகம்?"

"மூணாவது. அதான் டீக்கு நீங்க காசு குடுக்கறீங்க!"

சிரித்தேன். ஆனால் அவர் வேலையைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. சளி ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் நூறு இடங்களைப் பார்த்த பிறகுதான் 'கிருமி இல்லை' என்று எழுதவேண்டுமாம். தொண்ணூறோடு எழுந்துவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் பாக்கிப் பத்தில் கிருமி இருந்தால்? நோயாளி வீட்டுக் குழந்தையும் சேர்ந்து இருமும். கிருமிக்குப் பே ஸ்கேல் தெரியாது.

அரசு தரப்பிலும் பதில் உண்டு. தேர்வு முறை வேறு, பணம் வருகிற வழி வேறு, திட்டம் தாற்காலிகமானது என்பார்கள். தாற்காலிகமா? திருத்தியமைத்த காசநோய்த் திட்டம் ஆரம்பித்தது 1997-ல். எங்கள் ஊர் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியும் அதே வருடம்தான். கல்லூரி நிரந்தரமாகிவிட்டது. திட்டம் 2020-ல் பெயரைக்கூட மாற்றிக்கொண்டது. அதில் வேலை செய்கிறவர் மட்டும் இன்னும் தாற்காலிகம்!

நிரந்தர ஊழியர்கள் நிம்மதியாக இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. பே கமிஷன் வந்தால் கூடவே ஊதிய முரண்பாடும் வரும். முரண்பாட்டைத் தீர்க்க 'ஒரு நபர் குழு' வரும். தமிழ்நாட்டில் முன்பே ஒன்று, 2018-ல் இன்னொன்று. ஒரே நபரைக் குழு என்று அழைக்க முடிகிறது. ஒரே வேலையை ஒரே வேலை என்று அழைக்கத்தான் வாய் வரமாட்டேன் என்கிறது.

கோர்ட் இதை எப்போதோ சொல்லியாகிவிட்டது. 1982-ல் டில்லி போலீஸ் டிரைவர் ரந்தீர் சிங் வழக்கில், சம வேலைக்குச் சம ஊதியம் அரசியல் சட்டத்தின் லட்சியம் என்றது சுப்ரீம் கோர்ட். 2016 அக்டோபரில் ஜக்ஜித் சிங் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. நிரந்தர ஊழியரின் அதே பணியையும் பொறுப்பையும் சுமந்தால், தாற்காலிக ஊழியருக்கும் அந்தப் பே ஸ்கேலின் குறைந்தபட்சத்தைக் கொடுக்கவேண்டும். ஆனால் வேலை ஒன்றுதான் என்று நிரூபிக்கிற சுமை கேட்கிறவர் தலையில். வக்கீல் ஃபீஸுக்கு எந்தத் திட்டத்திலும் ஒதுக்கீடு கிடையாது.

போன மாதம் நம்ம ஆள் பாங்க்கில் வண்டி லோன் கேட்டிருக்கிறார். "ஒப்பந்தம் எப்ப முடியுது?" என்று திருப்பிக் கேட்டார்களாம். இப்போது வளைகுடா வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். பதினைந்து வருடம் பழகிய கண்கள் சார்! திருச்சியிலிருந்து விமானம் ஏறிவிட்டால், நஷ்டம் அவருக்கல்ல. நம் சளிக்கும் ரத்தத்துக்கும்தான்.

லேப் ரிப்போர்ட்டில் நம் அளவுக்குப் பக்கத்திலேயே 'நார்மல் வேல்யூ' என்று அச்சடித்திருப்பார்கள். சம்பளத்துக்கான நார்மல் வேல்யூவை 2016-லேயே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ரிப்போர்ட்டை வாங்கிக்கொள்ளத்தான் கவுண்ட்டரில் இன்னும் யாரும் வரவில்லை.