கணக்கில் வராத இரண்டு புள்ளிகள்

எங்களில் அநேகம் பேர் இந்த நாட்டில் கால் வைத்ததும் பிடித்த வேலைகள் எவை? சுப்பர்மார்க்கற்றில் தட்டு அடுக்குவது, பெற்றோல் ஸ்ரேசனில் விடியும்வரை கண்ணாடிக்குப் பின்னால் நிற்பது, தொழிற்சாலையில் பெட்டி கட்டுவது. ஊரில் என்ன செய்தோம் என்று ஒருவரும் கேட்பதில்லை. பெயரைக்கூடப் பாதியாக வெட்டித்தான் கூப்பிடுகிறார்கள்.

இங்கிலாந்திலேயே பிறந்த ஒரு பெண்ணும் எங்களைப்போல சுப்பர்மார்க்கற்றிலும் பெற்றோல் ஸ்ரேசனிலும் நின்றவர்தான். பந்தயம் கட்டும் கடை ஒன்றிலும் வேலை செய்திருக்கிறார். பெயர் லோரா டேவிஸ். கோல்ஃப் விளையாட்டில் உலகப் பெயர் எடுத்தவர். "கோல்ஃப்தானே, அது எங்களுக்கென்னத்துக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இவருடைய வாழ்க்கையில் எங்கள் வீடுகளில் இருந்து பேசவேண்டிய விசயம் ஒன்று இருக்கிறது.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறோம். பஸ்ஸில் போகும்போது வேலிக்கு அப்பால் பெரிய புல்வெளியும் சின்னக் கொடிகளும் தெரியுமல்லவா, அதுதான் கோல்ஃப் திடல். பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழியும் 108 மில்லிமீற்றர் அகலம்தான். நூற்றுக்கணக்கான யார் தூரத்தில் நின்று பந்தை அடித்து, அந்தக் குழிக்குள் விழுத்த வேண்டும். ஆகக் குறைந்த அடிகளில் முடிப்பவருக்கு வெற்றி.

லோரா டேவிஸ் 1963இல் கொவென்ற்றியில் பிறந்தார். வளர்ந்தது சரே மாவட்டத்தில். காசு கொடுத்துப் பயிற்சியாளர் வைத்துப் பழகியவர் அல்ல. மற்றவர்கள் அடிப்பதைப் பார்த்துப் பார்த்துத் தானாகப் பழகினார். இன்னொரு புதினம். பந்தை உயர்த்தி வைக்க எல்லோரும் மரத்தில் செய்த சிறு ஆணி ஒன்றை நிலத்தில் குத்துவார்கள். இவரோ மட்டையால் நிலத்தில் ஓங்கி ஒரு போடு போட்டு, கிளம்புகிற புல்மேட்டில் பந்தை வைத்து அடிப்பார். அந்தக் காலத்தில் இவர் அளவுக்குத் தூரம் அடித்த பெண்கள் மிகக் குறைவு.

1984இல் இவர் பிரித்தானிய-அயர்லாந்து அணிக்கு விளையாடினார். ஆனால் அப்போது தொழில்முறை அல்லாத ஆட்டக்காரருக்குப் பரிசுப் பணம் கிடையாது. அதனால்தான் அந்தக் கடை வேலைகள். 1985இல் தாயிடம் ஆயிரம் பவுண்ஸ் கடன் வாங்கிக்கொண்டு தொழில்முறை ஆட்டத்தில் இறங்கினார். அந்த முதல் ஆண்டிலேயே ஐரோப்பியப் பெண்கள் சுற்றில் பரிசுப் பணப் பட்டியலின் முதலாம் இடம் அவருக்கு! 1986இல் பிரித்தானியப் பெண்கள் பகிரங்கப் போட்டியிலும் வென்றார்.

1987இல் நடந்ததைக் கொஞ்சம் கவனியுங்கள். அமெரிக்கப் பெண்கள் பகிரங்கப் போட்டி நியூ ஜேர்சியில் நடந்தது. நான்கு சுற்று முடிவில் மூவர் சமநிலையில் நின்றார்கள். ஒருவர் ஜப்பானின் அயாகோ ஒகமோட்டோ. மற்றவர் 48 வயதான அமெரிக்க வீராங்கனை ஜோஆன் கார்னர். மூன்றாமவர் எங்கள் லோரா. மீண்டும் பதினெட்டுக் குழிகள் ஆடி முடிவு காணவேண்டி வந்தது. லோரா 71, ஒகமோட்டோ 73, கார்னர் 74. கோப்பை 23 வயது இங்கிலாந்துப் பெண்ணின் கைக்கு வந்தது.

அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைச் சங்கமான எல்.பி.ஜி.ஏ.யில் அவர் அப்போது உறுப்பினரே அல்ல. உறுப்பினராவதற்குத் தகுதிகாண் போட்டி வைத்திருந்தார்கள். நாட்டின் மிகப் பெரிய போட்டியில் வென்றவரிடம் போய் "நீ தகுதியைக் காட்டு" என்று கேட்கலாமா? சங்கம் தன்னுடைய விதியை மாற்றி அவரை நேரடியாகவே சேர்த்துக்கொண்டது. கடதாசிக்காக வருசக்கணக்கில் காத்திருந்த எங்களுக்கு இதை வாசிக்கும்போது பெருமூச்சு வருகிறது, உண்மைதான்.

ஆனால் எல்லாக் கதவும் அப்படித் திறக்கவில்லை. அந்தச் சங்கத்துக்கு ஒரு புகழ் மண்டபம் இருக்கிறது. அதில் இடம் பெற 27 புள்ளிகள் வேண்டும். சாதாரண வெற்றிக்கு ஒரு புள்ளி, பெரும் போட்டி வெற்றிக்கு இரண்டு, ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதுக்கு ஒன்று. லோரா அமெரிக்கச் சுற்றில் வென்றவை 20. அதில் நான்கு பெரும் போட்டிகள். ஆக 16ம் 8ம் 24. 1996இல் சிறந்த வீராங்கனை விருதுக்கு ஒன்று. மொத்தம் 25. இரண்டு புள்ளி குறைவு.

1986இல் சொந்த நாட்டில் வென்ற அந்தப் பிரித்தானியப் போட்டி என்னவாயிற்று? அதை எல்.பி.ஜி.ஏ. பெரும் போட்டியாக ஏற்றுக்கொண்டது 2001இல்தான். அதற்கு முன் வென்றது கணக்கில் இல்லை. இருந்திருந்தால் அந்த இரண்டு புள்ளியும் சேர்ந்து சரியாக 27! அதே 2001இல்தான் அவர் அமெரிக்கச் சுற்றில் கடைசியாக வென்றார்.

இந்தக் கணக்கு எங்களுக்கு நன்றாக விளங்கும். ஊரில் பத்து வருசம் பாடம் சொல்லிக்கொடுத்த அக்கா இங்கே பிஸ்கற் பெட்டி ஒட்டுகிறார். லொறி ஓடின அண்ணன் மீண்டும் 'எல்' அட்டை கட்டிக்கொண்டு கார் பழகுகிறார். ஓ.எல். பரீட்சையோடு படிப்பை விட்ட எங்களுக்கும் கை நிறையத் தொழில் தெரியும். அவை எல்லாம் இந்த நாட்டுப் படிவத்தில் எழுத இடமில்லாத வெற்றிகள்.

லோரா என்ன செய்தார்? தொடர்ந்து விளையாடினார். 1994இல் அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா, ஜப்பான், அவுஸ்திரேலியா என்று ஐந்து சுற்றுகளிலும் ஒரே ஆண்டில் வென்றிருந்தவர் அவர். ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் சொல்ஹைம் கிண்ணத்தில் 1990 தொடக்கம் 2011 வரை நடந்த பன்னிரண்டு போட்டிகளிலும் ஆடினார். 2010இல், நாற்பதைத் தாண்டிய வயதில், ஐரோப்பியச் சுற்றில் ஐந்து வெற்றி. அந்தச் சுற்றில் மொத்தம் 45.

2014இல் அவருக்கு 'டேம்' பட்டம் கிடைத்தது. 1754இல் தொடங்கிய சென்ற் அன்ட்ரூஸ் கழகம் 260 வருசம் கழித்து, அதே 2014இல்தான், பெண்களைச் சேர்க்க வாக்களித்தது. 2015இல் அது கௌரவ உறுப்பினராக ஏற்ற முதல் ஏழு பெண்களில் லோராவும் ஒருவர். அதே ஆண்டில் உலக கோல்ஃப் புகழ் மண்டபமும் அவரைச் சேர்த்துக்கொண்டது.

அமெரிக்காவில் மூத்த ஆண்களுக்கான பகிரங்கப் போட்டி 1980இலேயே தொடங்கிவிட்டது. மூத்த பெண்களுக்கான போட்டியோ 2018இல்தான் வந்தது. அந்த முதல் போட்டியில் 54 வயது லோரா பத்து அடி வித்தியாசத்தில் வென்றார். முப்பது வயதிலேயே "இனி எங்களுக்கு என்ன இருக்கு, பிள்ளையளைப் பார்த்தால் போதும்" என்று சொல்கிற எங்களுக்கு இது ஒரு சேதி.

ஆனாலும் எங்கள் மனதில் ஆழமாக நிற்பது அந்த ஆயிரம் பவுண்ஸ்தான். 1985இல் அது சின்னத் தொகை அல்ல. மகள் வெல்வாள் என்று அந்தத் தாய்க்கு யார் உறுதி சொன்னார்கள்? "கடையிலேயே நில், கிழமைக்குக் கிழமை சம்பளம் வரும்" என்று சொல்லியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சங்கம் ஒன்றும் புள்ளி போடுவதற்கு முன்பே அந்தத் தாய் புள்ளி போட்டுவிட்டார்.

நாங்களும் கடன் வாங்குகிறோம். ஏஜென்சிக் கடன் முடிய சீட்டுப் பிடிக்கிறோம். சீட்டுக் காசில் சாமத்தியவீட்டுக்கு மண்டபம், வீடியோ, மகளைக் கூட்டிவரக் குதிரை வண்டி. அந்த மகள் பள்ளிக்கூடத்தில் ஓட்டத்திலோ வலைப்பந்திலோ சேரக் கேட்டால் மட்டும் "அதெல்லாம் உனக்கெதுக்கு, படிக்கிற வேலையைப் பார்" என்கிறோம். அந்தப் பிள்ளையின் ஆசையை எங்கள் வீட்டுக் கணக்கில் நாங்களே சேர்ப்பதில்லை.

படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. படிப்பை இடையில் விட்டவர்களுக்குத்தான் அதன் அருமை கூடத் தெரியும். எல்லாப் பிள்ளையும் லோரா டேவிஸ் ஆகப்போவதில்லை என்பதும் தெரியும். ஆனால் டொக்டர், எஞ்ஜினியர் என்ற இரண்டு குழிக்குள் மட்டும் எல்லாப் பந்தையும் விழுத்தப் பார்க்கிறோம். திடலில் பதினெட்டுக் குழிகள் இருக்கின்றன.

பள்ளிக்கூடத்தில் இருந்து விளையாட்டுக் கழகம் பற்றிக் கடதாசி வரும். ஆங்கிலம் விளங்கவில்லை என்று குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்துவிடாமல், பிள்ளையையே வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். என்ன விருப்பம் என்று கேளுங்கள். பிறகு கையெழுத்தைப் போடுங்கள். உங்கள் வீட்டு மகள்மார் எதில் சேர்ந்திருக்கிறார்கள் என்று இந்தச் சஞ்சிகைக்கும் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். வென்றால்தான் எழுத வேண்டும் என்றில்லை.