வன்தட்டின் மீது விழும் பழி

கணினி விளையாட்டில் காட்சி தடுமாறும்போது, சேமிப்பகம்தான் காரணம் என்று முடிவுகட்டுவதற்கு முன், அத்தடுமாற்றம் எவ்வகையைச் சேர்ந்தது என்று பார்ப்பதே முறை. நொடிக்கு 60 ஃபிரேம்கள், அதாவது 60 தனித்தனிப் படங்கள், திரையில் தோன்ற வேண்டுமாயின் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடியே கிடைக்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுக்கே 8.3 மில்லிநொடி எடுத்துக்கொள்வதால், படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகரும் நேரத்தையும் சேர்த்தால், எங்கோ சிதறிக் கிடக்கும் ஒரு சிறு துண்டைப் படிப்பதற்குள் அந்த அவகாசத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும். ஆயினும் விளையாட்டுகள் வேண்டிய தரவை முன்கூட்டியே கேட்டு வைப்பதால் சராசரி வேகம் குறைவதில்லை. கேட்டது வந்து சேராத கணத்தில் மட்டும் படம் நின்று, பின்பு ஓடுகிறது. ஆகவே சராசரி எண்ணைப் பார்த்துப் பயனில்லை. ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் காட்டும் வரைபடமே உண்மையைச் சொல்லும்.

2020இல் வெளியான சைபர்பங்க் 2077 விளையாட்டில் வேகம் குறைந்த வன்தட்டுகளுக்கென்றே ஒரு தெரிவு இருந்ததும், 2023இல் அவ்விளையாட்டு, சுழலும் பாகமற்ற சேமிப்பகமான எஸ்எஸ்டியைக் குறைந்தபட்சத் தேவையாக்கியதும், வன்தட்டின் மீதான ஐயம் ஆதாரமற்றதன்று என்பதைக் காட்டுகின்றன.

எனினும் வன்தட்டின் கோளாறு போலவே வேடமிடும் வேறு காரணங்கள் உண்டு. அவற்றுள் மிகவும் ஏமாற்றுவது ஷேடர் தொகுப்பு. ஒளியும் நிழலும் பரப்பின் மீது விழும் விதத்தைக் கணிக்கும் சிறு நிரல்களான ஷேடர்கள், முதன்முறை தேவைப்படும்போது வரைகலை அட்டைக்கேற்ற வடிவுக்கு மாற்றப்படுகின்றன. அவ்வேலை ஆட்டத்தின் நடுவே நிகழ்ந்தால் காட்சி ஒரு கணம் உறைகிறது. விளையாட்டில் காட்சி உறைந்த அதே தெருவுக்கு இரண்டாம் முறை சென்றால் தடுமாற்றம் இராது. சேமிப்பகக் கோளாறும் இவ்வாறே நடந்துகொள்ளும். ஏனெனில் ஒருமுறை படித்த கோப்பை இயங்குதளம் தற்காலிக நினைவகமான ரேமில் வைத்திருக்கிறது. இரண்டையும் பிரித்தறியும் வழி எளியது. கணினியை மறுதொடக்கம் செய்தால் ரேமில் இருந்தது அழியும், தொகுக்கப்பட்ட ஷேடர்களோ வட்டில் பத்திரமாக இருக்கும். ஆதலால் மறுதொடக்கத்துக்குப் பின் அதே தெருவில் தடுமாற்றம் திரும்பினால் சேமிப்பகத்தை ஐயுறலாம், திரும்பாவிடில் அதை விடுவித்துவிடலாம். செலவில்லாத இச்சோதனையைச் செய்யாமலே புதிய எஸ்எஸ்டி வாங்குவோர் பலர் என்பது வருத்தத்துக்குரியது.

ரேம் போதாதபோது இயங்குதளம் அதிலுள்ள தரவின் ஒரு பகுதியை வட்டுக்கு மாற்றுவதால் வட்டின் பயன்பாடு 100 விழுக்காட்டைத் தொடுவதும் உண்டு. அங்கே குறை வட்டினுடையதன்று.

எஸ்எஸ்டியும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. சாம்சங் 840 ஈவோ என்னும் எஸ்எஸ்டியில் எழுதி நெடுநாளான தரவு மட்டும் மெதுவாகப் படிக்கப்பட்டது 2014இல் தெரியவந்தது. அதற்கு அந்நிறுவனம் திருத்த நிரல் வெளியிட்டது. வேகச் சோதனைக் கருவிகள் பல தாமே புதிதாக ஒரு கோப்பை எழுதி, உடனே அதைப் படித்துப் பார்ப்பதால் இத்தகைய குறை அவற்றின் கண்ணில் படாது. ஆகவே விளையாட்டின் பழைய கோப்புகளையே படிக்கச் செய்து நேரத்தை அளக்க வேண்டும். அல்லது விளையாட்டை வேறொரு வட்டுக்கு நகர்த்தி, அதே தெருவில் மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.