கடைசி வண்டி

திருவில்லிபுத்தூர்ப் பேருந்து நிலையத்தில் இராசபாளையம் செல்லும் நகரப் பேருந்துக்காக நாம் காத்திருந்த ஒரு பிற்பகலில், அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், "ஐயா, சாகுறதுக்குச் சட்டம் போட்டுட்டாகளாமே, நெசந்தானா?" என்று கேட்டார். மலையடிவாரச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். மனைவி புற்றுநோயால் பாயோடு பாயாகக் கிடக்கிறார். அவருக்கு வலி மாத்திரை வாங்க இராசபாளையம் போகிறார். "ராத்திரியெல்லாம் அனத்துறா. கேக்கமாட்டாம எந்திரிச்சு வாசலுக்கு வந்துருவேன்" என்றார்.

பேருந்து வந்தது. இடையில் 11 கிலோமீட்டர் தொலைவுதான். அதற்குள் சட்டத்தை விளக்கிவிடலாம் என்று நாம் எண்ணினோம்.

2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, மாண்புடன் இறப்பதும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. குணமாகும் நம்பிக்கை அற்றுப்போன நிலையில் உயிர்காக்கும் கருவிகளை விலக்கிவிடுமாறு ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அதில் நீதித்துறை நடுவர் ஒப்பமிட வேண்டும் என்றிருந்த விதி 2023 சனவரியில் தளர்த்தப்பட்டு, நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரோ போதும் என்றாயிற்று. ஊசி போட்டு உயிரை முடிக்க எத்தீர்ப்பும் இடந்தரவில்லை. இவ்வளவையும் நாம் சொல்லி முடித்தபின் பெரியவர் சற்றே யோசித்து, "எங்க வீட்ல கருவி ஒண்ணும் இல்லையேய்யா" என்றார்.

நமக்கு மறுமொழி தோன்றவில்லை.

இதே பொருளில் நாடாளுமன்றத்திலும் ஒரு முயற்சி நடந்ததுண்டு. கேரளத்தின் திருச்சூர்த் தொகுதி உறுப்பினராயிருந்த பொதுவுடைமைக் கட்சியின் சி.கே. சந்திரப்பன், கருணைக் கொலையை அனுமதித்து முறைப்படுத்தும் தனிநபர் மசோதா ஒன்றை 2007-இல் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. அவரது நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. துன்புறுவோர்பால் கொண்ட இரக்கமே அவரை உந்தியிருக்கும். ஆனால் மறு ஆண்டே, அவரது கட்சியும் பங்கேற்ற கேரள அரசு, வலிதணிப்பு மருத்துவத்துக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. அதன்பின் செவிலியர் வண்டியேறி நோயாளியின் வீட்டுக்கே சென்று புண் கழுவி மருந்து கொடுப்பது அங்கு ஊர்தோறும் பரவியது. மேற்கே தெரியும் மலையைத் தாண்டினால் அந்த மாநிலம்தான்.

மலையின் இந்தப் பக்கத்து நிலைமையையும் சொல்லத்தான் வேண்டும். நமது விருதுநகர் மாவட்டம் "தலைக்கூத்தல்" என்ற சொல்லால் நாடறிந்த மாவட்டம். படுக்கையில் விழுந்த முதியோரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, வீட்டாரே அனுப்பிவைக்கும் கொடுமை அது. 2010-இல் எண்பது வயது முதியவர் ஒருவர், தம் நிலத்தைப் பங்கிடுவது பற்றி வீட்டார் பேசுவதைக் கேட்டு உறவினர் வீட்டுக்குத் தப்பியோடியபோதுதான் வெளியுலகம் திடுக்கிட்டது. அவர் சாவைக் கேட்டவர் அல்லர். இத்தகைய மண்ணில் "விரும்பிய சாவு" என்று எழுதப்படும் சட்டத்தில் அந்த விருப்பம் யாருடையது என்று எவர் விசாரிப்பார்?

வலியைத் தணிக்கக் கொடுக்கும் மருந்தால் வாழ்நாள் குறுகினும், சாவை நோக்கமாகக் கொள்ளாதவரை அது பாவமன்று என்று திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1957-இலேயே மருத்துவர்களுக்குத் தெளிவுபடுத்தினார். வலியைப் பொறுத்துக்கொள்வதே புண்ணியம் என்று நம்மில் சிலர் நோயாளியின் தலைமாட்டில் நின்று போதிப்பதுண்டு. போதிப்பவருக்குப் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. மார்ஃபின் எளிதில் கிடைக்கட்டும் என்று போதைப்பொருள் சட்டத்தை 2014-இல் நாடாளுமன்றம் திருத்தியது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்திலும் வலிதணிப்புச் சிகிச்சை இல்லம் தேடி வரும் என்றார்கள். பெரியவர் வீட்டுக்கு அது வந்ததா என்று கேட்டோம். "ஒரு அம்மா வந்து பிரசர் பாத்துட்டுப் போனாக. நல்ல பிள்ளை. வலிக்கு மாத்திரை மட்டும் அவுககிட்ட இல்ல" என்றார்.

நடத்துநர் வந்தார். முன் இருக்கைப் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2021 மே மாதத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பதவியேற்ற நாளிலேயே கையொப்பமிட்ட ஆணை அது. எத்தனையோ ஏழைப் பெண்களை மருத்துவமனை வாசல்வரை கொண்டுவந்து சேர்த்த ஆணை என்று நாம் மனமாரச் சொல்வோம். பெரியவர் இடுப்பு மடிப்பிலிருந்து சில்லறையை எடுத்து எண்ணினார். "அவளுக்குன்னா இனாம்தான். எந்திரிக்க முடியலையே" என்று கூறிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நாம் எதிர்பார்க்கவில்லை.

பஞ்சு மார்க்கெட்டில் இருவரும் இறங்கினோம். மருந்துச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். சட்டத்தைப் பற்றி அதன்பின் அவர் எதுவும் கேட்கவில்லை. திரும்பித் திருவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து ஊருக்குப் போகும் கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டும். மாத்திரை வாங்க வரிசை நீண்டிருந்தால் அந்த வண்டி போய்விடும். சென்ற முறை அப்படிப் போய்விட்டதாம். இருட்டில் நடந்தே ஊர் சேர்ந்திருக்கிறார்.

"மணி என்னய்யா ஆகுது?" என்று கேட்டார். சொன்னோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விரைந்து நடந்தார்.